புது உறுப்பினருக்கு ஒரு கை மட்டும்

"யோ பாவ்சூ அம்மையாரா பேசறது?"

"பாவ்சூதான். அம்மையார்னெல்லாம் இங்க யாரும் இல்ல. பஸ்ஸை நிறுத்தத்துல நிறுத்தி வெச்சுட்டுப் பேசறேன், சீக்கிரம் சொல்லுங்க."

"வடகரைப் பிரபஞ்சப் பேரச்ச இலக்கிய மன்றத்துலேர்ந்து பேசறோம். உங்க கதை தேர்வாகியிருக்கு. பயந்துட்டீங்களா?"

"எதுக்குப் பயப்படணும்?"

"சும்மா கேட்டேன். நல்ல சேதி சொன்னாலும் அதைக் கேட்டுட்டுதான் வைக்கணும். மன்றத்து வழக்கம்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் குடையைத் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாவ்சூ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை மேட்டில் ஏற்றினாள். துறைமுக ஊரான கீலுங்கில் அன்றைக்கும் மழைதான். மழை இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு உடம்புக்கு ஏதோ வந்தது போல இருக்கும்.

அந்த மன்றம் என்ன செய்கிறது என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எந்தக் கடை திறந்தாலும், எந்தக் கவுன்சிலர் ஜெயித்தாலும், மன்றத்தின் பெயர் போட்ட பூவளையம் வாசலில் வந்து நின்றுவிடும். கடலுக்கு அடியிலோ நட்சத்திரங்களுக்கு அப்பாலோ ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல முடியாது, புரிந்துகொள்ள முடியாது, அதற்கு முன்னால் மனிதன் எறும்புக்கும் கீழே. இந்த மாதிரிக் கதைகளை வளர்ப்பதற்காகத்தான் அது இருக்கிறது என்று அதன் விதிகளில் போட்டிருக்கிறது. தலைவர் கோ திங்பாங் சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர், இப்போது எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காததைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

பாவ்சூவுக்கு எழுத்தாளர் ஆகும் எண்ணமெல்லாம் இல்லை. அவளுடைய தம்பி ஷுய்வாங் கணவாய் மீன் பிடிக்கிற படகில் போனான். படகு திரும்பி வந்தது, மீனை இழுக்கக் கட்டிய விளக்குச் சரமெல்லாம் எரிந்துகொண்டே வந்தது, அவன் மட்டும் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. அரசாங்கத்துக் காகிதத்தில் 'காணவில்லை' என்று எழுதினார்கள். வீட்டுப் பூசை மேடையில், செத்தவர்களுக்கு வைப்பது போல அவனுக்கும் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது அம்மா விடவில்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு எப்படிப் பலகை வைக்கிறது? வந்து பார்த்தா என்ன நினைப்பான்?" ஏழாம் மாதம் தெருவெல்லாம் மேசை போட்டு, செத்தவர்களை 'நல்லண்ணன்மாரே' என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சோறு படைக்கும்போதுகூட அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா பாவ்சூவின் வாயைப் பொத்துவாள். அதனால் இருக்கிறவர்களின் கணக்கிலும் அவன் பெயர் இல்லை, போனவர்களின் கணக்கிலும் இல்லை.

அம்மாவும் போன பிறகு, வண்டி கிளம்பக் காத்திருக்கும் நேரங்களில் பாவ்சூ அந்தக் கதையை எழுதினாள். கடலுக்கடியில் இருக்கும் நிறையக் கைகள் உள்ள ஒன்று தம்பியைக் கொண்டுபோய்விடுகிறது. அக்காக்காரி மாசா மாசம் துறையில் ஒரு கிண்ணம் சோறு வைத்து, தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது மேலே வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறது. அவ்வளவுதான் கதை.

மன்றத்தின் ஆண்டுவிழா துறைமுகத்துக் கூடத்தில் நடக்கும். அங்கே ஒலிபெருக்கி தண்ணீரைப் பார்த்துக் கட்டியிருக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை அவன் பெயர் அந்தத் தண்ணீருக்கு மேலே சத்தமாகக் கேட்கவேண்டும். அதற்காகத்தான் அவள் கதையை அனுப்பியது.

மன்ற அலுவலகம் ஒரு கொழுக்கட்டைக் கடையின் மாடியில் இருந்தது. பேரச்சம் முழுக்கப் பூண்டு வாசனை. செயலாளர் யென் அம்மா, ஒடிசலான மனுஷி, செருப்பு மாற்றச் சொல்லி உள்ளே அழைத்துப்போனாள். தலைவர் கோ எழுந்து நின்று இரண்டு கையாலும் பெயர் அட்டையை நீட்டினார். வாங்கியதும் அது விரிந்தது. விரிந்துகொண்டே போனது. தலைவர், நிறுவனப் புரவலர், வாழ்நாள் ஆலோசகர், வடகரைச் சுங்க ஓய்வாளர் பூப்பந்துக் கழகத்தின் கௌரவ அணித்தலைவர் என்று அவள் முழங்கால் வரைக்கும் தொங்கியது.

"உட்காருங்கம்மா. முதல்ல ஒரு அடிப்படையைப் புரிஞ்சுக்கணும். மனுஷன் ஒண்ணுமே இல்ல. தூசி. பிரபஞ்சத்துக்கு நாம இருக்கிறதே தெரியாது. யென் அம்மா, டீயை அவங்க பக்கம் முதல்ல வெச்சுட்டீங்களே."

"மன்னிச்சுக்குங்க தலைவரே."

"இந்தப் பக்கம் வைங்க. ம். எங்க விட்டேன்?"

"தூசின்னு சொன்னீங்க," என்றாள் பாவ்சூ.

"ஆங், தூசி. உங்க கதையைப் படிச்சேன். திறமை இருக்கு. ஆனா நீங்க புது உறுப்பினர். புது உறுப்பினர் கதையில என்னென்ன வரலாம்னு ஒரு வரைமுறை இருக்கு. யென் அம்மா, சொல்லுங்க."

யென் அம்மா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "புது உறுப்பினர்னா நாத்தம் வரலாம். ஈரமா ஏதோ இழுபடற சத்தம் வரலாம். கை ஒண்ணு வரலாம், தூரத்துல."

"ஒரு கை மட்டுமா?"

"ஒண்ணுதான். ஆயுள் உறுப்பினரானா ரெண்டு கை. செயற்குழுவுல இருந்தா எத்தனை கை வேணும்னாலும் எழுதலாம், ஆனா உடம்பு வரக்கூடாது. கண்ணு துணைத்தலைவருக்கு."

"முழு உருவம்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். யென் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது தலைவருக்கு மட்டும். அவருமே எப்பவாவதுதான் எழுதுவாரு. எழுதிட்டு ரெண்டு நாள் படுத்துப்பாரு."

"என் கதையில அது முழுசா வந்து உக்காந்து சோறு தின்னுட்டுப் போகுதே."

"அதான் சிக்கல்," என்றார் தலைவர் கோ. "அது ஏன் சோறு திங்குது? சோறு தின்னா அதுக்குப் பசின்னு ஆயிடும். பசின்னா புரிஞ்சுடும். புரிஞ்சுட்டா அப்புறம் நமக்கு இங்க என்ன வேலை?"

"யாரோ தெரியாதவங்க வாசல்ல வந்து நின்னா சாப்பிட்டாச்சான்னுதானே முதல்ல கேப்போம்?"

"பிரபஞ்சத்தைப் பார்த்து அப்படிக் கேக்கக்கூடாதும்மா! கிண்ணத்தை எடுத்துடுங்க. அடுத்தது, கடைசியில அந்த அக்காவுக்குப் பைத்தியம் பிடிக்கல."

"ஏன் பிடிக்கணும்?"

"அதைப் பார்த்துட்டாளே! என் கதைகள்ல இதுவரைக்கும் எத்தனை பேராசிரியருங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு தெரியுமா? ஒரு நூலகர் தன் கையையே தின்னுட்டாரு. உங்க அக்கா கிண்ணத்தைக் கழுவி எடுத்துட்டு வீட்டுக்குப் போறா."

"அடுத்த நாள் காலையில அவளுக்கு முதல் வண்டி இருக்குங்க. நான் எழுதியிருக்கேனே."

"பைத்தியம் பிடிச்சவங்க விடுப்பு எடுத்துக்கலாம்," என்றார் தலைவர் தாராளமாக. "சரி, இதையெல்லாம் யென் அம்மாவே திருத்திக் குடுப்பாங்க. முக்கியமானது இது. இந்த ஷுய்வாங் ஷுய்வாங்னு ஒரு பேரு வந்துட்டே இருக்கு. அது போகணும்."

பாவ்சூ டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது என் தம்பி பேரு."

"இருக்கட்டும். பேர் சொல்ல முடியாததைப் பத்தினதுதான் நம்ம இலக்கியம்."

"அது பேரை நான் சொல்லலியே. அதுக்கு என்ன பேருன்னு எனக்கு எப்படித் தெரியும்? தம்பி பேரைத்தானே சொன்னேன்."

"அந்தப் பெரிய இருட்டுக்கு முன்னாடி உங்க தம்பிக்கு எதுக்கும்மா பேரு? 'ஒரு நபர்'னு போட்டாப் போதும். அதுல ஒரு நடுக்கம் இருக்கு பாருங்க. ஒரு… நபர்."

பாவ்சூ சுற்றிலும் பார்த்தாள். சுவரில் கோ திங்பாங் என்று தங்க எழுத்தில் நான்கு கேடயம். வெந்நீர்க் குடுவையில் கோ திங்பாங். அவர் சாய்ந்திருந்த மெத்தையில் கோ திங்பாங் என்று பூவேலை. அவர் போட்டிருந்த செருப்பின் மேலேகூட, இடது காலில் கோ, வலது காலில் திங்பாங். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"விழாவுல ஒலிபெருக்கியில வாசிக்கணும்னா இதுதான் நிபந்தனை," என்றார் தலைவர். "மைக் பொத்தான் யென் அம்மா கையிலதான் இருக்கும். வரைமுறை மீறினா அணைச்சுடுவாங்க. போன வருஷம் ஒரு மருந்துக்கடைக்காரர் அனுமதியில்லாம கண்ணு வாசிச்சாரு, பாதியிலேயே அணைச்சோம். அவரோட நல்லதுக்குத்தான்."

அவள் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். மைக் இல்லாவிட்டால் தண்ணீர் வரை கேட்காது.

பயிற்சி வகுப்பு யென் அம்மாவிடம். வாரம் இரண்டு மாலை, வேலை முடிந்து சீருடையோடு பாவ்சூ போவாள். 'சொல்லில் அடங்காத' என்பதை எந்த இடத்தில் சொல்லவேண்டும், சொல்லும்போது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், சொல்லி முடித்ததும் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கவேண்டும் என்பதெல்லாம் பாடம்.

"கை நடுங்கணும் பாவ்சூ அக்கா. உங்க கை நடுங்கவே மாட்டேங்குது."

"நடுங்கினா பஸ் கம்பெனியில வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க."

"முழங்கையிலேர்ந்து ஆரம்பிங்க. இப்படி."

"இது குளிர்ல நடுங்கறது மாதிரில்ல இருக்கு?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்று யென் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் மன்றம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கேன். அலுவலகப் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு நாத்தம் மட்டும்தான். இத்தனை வருஷமா நாத்தத்தையே எழுதிட்டிருக்கேன். ஒரு கை கேட்டு விண்ணப்பம் போட்டேன், பரிசீலனையில இருக்குன்னாங்க."

"யாரு பரிசீலிக்கிறது?"

"நான்தான். தலைவர் சொல்லாம எப்படி ஒத்துக்கிறது?"

பாவ்சூ வண்டியிலும் பழகிப் பார்த்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ணை அகல விரித்து "சொல்லில் அடங்காத" என்று மெதுவாகச் சொன்னாள். முன் இருக்கையில் கீரைக்கட்டோடு இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வயித்து வலியா?"

"இல்ல தாத்தா. கதை."

"ஆஸ்பத்திரி நிறுத்தம் அடுத்ததுதான். நாங்க இறங்கி நடந்துக்கிறோம், நீ போய்க் காட்டிட்டு வா."

விழா சனிக்கிழமை மதியம். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக் கூடத்தில் கடலைப் பார்த்து ஒரே ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். வாசலில் குடைச்சாடி நிரம்பி வழிந்தது. பாவ்சூவின் சட்டையில் சிவப்பு நாடாப் பூ குத்தினார்கள். அதில் 'புது' என்று போட்டிருந்தது.

விழா உடனே ஆரம்பிக்கவில்லை, ஏனென்றால் யாரும் முன்வரிசையில் உட்கார ஒத்துக்கொள்ளவில்லை. நடு நாற்காலி யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும், பின்னால் அட்டையே ஒட்டியிருக்கிறது. ஆனால் நேரே போய் உட்கார்ந்துவிட்டால் பண்பில்லாதவன் என்று ஆகிவிடும்.

"துணைத்தலைவர் தெங், நீங்க உக்காருங்க," என்றார் கோ.

"ஐயோ, தலைவர் இருக்கும்போது நானா?" துணைத்தலைவர் தெங் பல் மருத்துவர். மறுக்கும்போதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வயசுல பெரியவர் நீங்கதானே."

"வயசு என்ன வயசு, பிரபஞ்சத்துக்கு முன்னாடி நாமெல்லாம் ஒரே வயசுதானே. நீங்கதான் உக்காரணும்."

"முடியவே முடியாது."

இப்படித் தோளைப் பிடித்து ஒருவரை ஒருவர் அந்த நாற்காலியில் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தலைவர், தோற்றுப்போனவர் போல, மூன்று தலையணை போட்ட அந்த இடத்தில் விழுந்தார். அவர் விழுந்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்தே குறி பார்த்துவைத்த மாதிரி இருந்தது. அதே சண்டை இரண்டாவது நாற்காலிக்கும் நடந்தது, மூன்றாவதற்கும் நடந்தது. கடைசி வரிசையின் கடைசி நாற்காலிக்குச் சண்டையே இல்லை. பாவ்சூ நேரே போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு குழுப் புகைப்படம். பிறகு கவுன்சிலர் வந்தார், அச்சம் ஊரின் சுற்றுலாவை வளர்க்கும் என்று பேசினார், உடனே வேறொரு திறப்புவிழாவுக்குப் போய்விட்டார். பிறகு தலைவர் உரை.

"தோழர்களே, தூசிகளே!" கைதட்டல். "நாம் அற்பம். நம் பெயர்கள் அற்பம். இந்த உண்மையை வடகரைக்கு முதல்முதலாக எடுத்துச் சொன்னவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நான்தான். என் முன்னுரையில் சொல்லியிருக்கிறேன். தெற்கே ஒரு மன்றம் இருக்கிறது, தாங்களும் அற்பம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தோழர்களே, எந்த அளவில் பார்த்தாலும் அவர்கள் அற்பம் நம் அற்பத்துக்கு ஈடாகாது! இந்த அற்பத்தன்மையை நிலைநாட்ட நான்காவது முறையாகவும் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எதிர்த்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. எதிர்த்து நிற்பதற்கான விண்ணப்பத்தை நான்தான் வைத்திருந்தேன். அந்த ஆழத்தில் உறங்குவது ஒருநாள் எழும். எழும்போது அதை எதிர்கொண்டு நிற்கப்போகும் முதல் மனிதன், இந்த மன்றத்தின் தலைவன்!"

துணைத்தலைவர் தெங் கையைத் தூக்கி, அது எழும்போது துணைத்தலைவருக்கும் பக்கத்தில் இடம் உண்டா என்று கேட்டார். அரை அடி பின்னால் நிற்கலாம் என்று முடிவாயிற்று.

சாப்பாட்டுப் பெட்டிகள் வந்த பிறகுதான் புது உறுப்பினர் வாசிப்பு. ஜனங்கள் பன்றிக்கறி வறுவலைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வாசித்தால் இடையூறாக இருக்காது என்பது ஏற்பாடு. பாவ்சூ மேடைக்குப் போனாள். மேசைக்கு அடியில் மைக் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு யென் அம்மா குந்தியிருந்தாள்.

"கடலுக்கு அடியில் சொல்லில் அடங்காத ஒரு நாத்தம்," என்று பாவ்சூ வாசித்தாள். அவள் குரல் வெளியே தண்ணீரின் மேல் போய் மோதித் திரும்பி வந்தது. "தூரத்தில் ஒரு கை. அது படகில் இருந்து…"

நின்றுவிட்டாள்.

"ஒரு நபரை," என்று முன்வரிசையில் இருந்து தலைவர் எடுத்துக்கொடுத்தார்.

"ஒரு…"

படகுக்காரர்கள் வந்து சொன்னது இப்படித்தான். உங்க வீட்டு நபர் ஒருத்தரைக் காணோம் என்றார்கள். அம்மா அன்றைக்கு அவர்களுக்குப் பழம் வெட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

"ஒரு நபரை! வாசிங்கம்மா, பெட்டி ஆறிப்போகுது."

"யோ ஷுய்வாங்கை," என்றாள் பாவ்சூ.

"யென் அம்மா!"

அவள் பெயரை முடிப்பதற்குள்ளேயே மைக் அணைந்திருந்தது. 'வாங்' மட்டும் தண்ணீருக்குப் போகாமல் கூடத்துக்குள்ளேயே விழுந்தது. சாப்பிட்டவர்கள் குச்சியை நிறுத்திப் பார்த்தார்கள். பாவ்சூ காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டாள். கீழே குனிந்து மேசைத் துணியைத் தூக்கினாள்.

"யென் அம்மா, நீங்க வரைமுறைப்படிதான் செஞ்சீங்க. எனக்கு வருத்தமில்ல. ஒரே ஒரு தடவை போட்டு விடுங்க. முழுப் பேரையும் சொல்லிட்டு இறங்கிடறேன்."

"அக்கா, என் பொறுப்பு போயிடும்."

"நாத்தம்தானே போகும்?"

யென் அம்மா விரலை அழுத்திவிட்டு, பொத்தானின் மேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்து அதன் மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"யோ ஷுய்வாங்!" என்று கூப்பிட்டாள் பாவ்சூ. வண்டி கிளம்பும்போது ஓடிவருகிறவர்களைக் கூப்பிடும் குரல் அது. "ஷுய்வாங்! அக்காடா!"

துறைமுகம் முழுக்கக் கேட்டது. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று உரசின. பிறகு தண்ணீர், மேசைத் துணியின் நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கினது போல, ஒரே இடத்தில் எழும்பியது.

முதலில் வந்தது நாத்தம்தான். யென் அம்மா மூக்கைத் தூக்கி, "நான் எழுதினது சரிதான்," என்றாள். கண்ணாடிச் சுவரின் ஓரத்தில் ஒரு கை வந்து ஒட்டியது. சுங்கக் கட்டடத்து உயரம்.

"ஒரு கை அனுமதிக்கப்பட்டதுதான்," என்றார் தலைவர் கோ. அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "யாரும் எழுந்திருக்க வேண்டாம்."

இரண்டாவது கை வந்தது. மூன்றாவது வந்தது.

"இது வரைமுறைக்கு மாறானது! புது உறுப்பினர் வாசிப்புல ஒண்ணுக்கு மேல வரக்கூடாது! யென் அம்மா, மைக்கை அணைங்க!"

"பொத்தானைக் காணோம் தலைவரே," என்றாள் யென் அம்மா உட்கார்ந்தபடியே.

கைகளுக்கு நடுவே, கூடத்துக்குள் பகல் குறைந்தது. கண்.

எல்லாரும் துணைத்தலைவரைப் பார்த்தார்கள். "கண்ணு என்னோடதுதான்," என்றார் தெங், எழுந்தபடி. "ஆனா இன்னிக்கு விட்டுக்கொடுக்கிறேன்."

அதற்குப் பின்னால் முழு உருவமும் வந்தது. அதைப் பற்றி எழுதும் உரிமை தலைவருக்கு மட்டும் இருப்பதால் இங்கே சொல்வதற்கில்லை.

யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. இரண்டு பேர் வாசலில் நிறுத்திய காரை நகர்த்தப் போனார்கள். ஒரு பெண்மணி மீதிச் சாப்பாட்டை மூடி ரப்பர் போட்டாள். கண்ணாடி மெல்ல உள்ளே வளைந்து, நடுவில் விரிசல் விட்டு, ஒரு கை நுழைந்து முன்வரிசை நடு நாற்காலிக்கு நேரே தரையில் கிடந்தது. எதையோ எதிர்பார்ப்பது போல அதன் நுனி மட்டும் அசைந்தது.

தலைவர் கோ எழுந்து நின்றார். நாற்காலியின் தூசியைத் தட்டிவிட்டார்.

"துணைத்தலைவர் தெங், நீங்க உக்காருங்க."

"தலைவர் இருக்கும்போது நானா?"

"வயசுல பெரியவர் நீங்க."

"முடியவே முடியாது."

இந்தத் தடவை இருவருமே நிஜமாகச் சொன்னார்கள். தெங் பின்னால் இருந்த பொருளாளரின் தோளைப் பிடித்து முன்னே அழுத்தினார். பொருளாளர் கும்பிட்டுக்கொண்டே இரண்டாவது வரிசைக்கு நழுவி, அங்கிருந்தவரை முன்னால் போகச் சொன்னார். "நீங்க முதல்ல." "ஐயோ, நீங்க முதல்ல." "நான் நேத்து சேர்ந்தவன், எனக்கென்ன தகுதி?" இவ்வளவு பண்பாட்டை அந்தக் கூடம் அதுவரை கண்டதில்லை. வரிசை வரிசையாக ஜனங்கள் ஒருவருக்கொருவர் குனிந்து வழிவிட்டு, பின்னாலேயே போய், மொத்த மன்றமும் வாசல் பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. தலைவர் கோ குடைச்சாடிக்குப் பின்னால் நின்றார், துணைத்தலைவரைவிட அரை அடி பின்னால்.

மேடையில் மிஞ்சினது பாவ்சூ. அவள் இறங்கி வந்தாள். நாற்காலிகள் எல்லாம் காலி. எதில் உட்கார்ந்தால் என்ன என்று கிட்டத்தில் இருந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் நடுங்கியது, பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது போல முழங்கையிலிருந்து அல்ல.

"வந்துட்டே," என்றாள் அதனிடம். "நடந்தா வந்தே, நீந்தி வந்தியா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. யோ ஷுய்வாங்னு என் தம்பி. கணவாய்ப் படகுல போனான். உன் பக்கம் வந்திருப்பானோன்னு கேட்கணும்னு இருந்தேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

அந்தக் கண் அவள் பக்கம் திரும்பியது. தண்ணீர் அசையவில்லை. மழைகூட ஒரு பக்கமாகத் தள்ளி நின்று பெய்தது போல இருந்தது. பிறகு அது பேசியது. வாய் இருக்கும் இடம் யாருக்கும் தெரியவில்லை. கட்டியிருந்த கப்பல்களின் வயிறு, கூடத்தின் தரை, சாப்பாட்டுப் பெட்டிகளின் மூடி, எல்லாம் சேர்ந்து அந்த ஒரே சொல்லைச் சொன்னன.

"நாய்ப்பீ."

பாவ்சூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு குழந்தைகளை வாரிக்கொடுத்த பிறகு பிறந்தவன் அவன். இவனையும் எதுவும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா வீட்டில் கூப்பிட வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் தெரியாது, படகில் தெரியாது. பெரியவனானதும், வெளியில் யார் முன்னாலும் சொல்லக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். கதையில் அவள் அதை எழுதவே இல்லை.

"ஆமா," என்றாள். சிரிப்பும் அழுகையும் மூக்கில் ஒன்றாக ஏறிக்கொண்டன. "அவன்தான். அவனேதான் சொன்னானா உன்கிட்ட?"

குடைச்சாடிக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"பாவ்சூ அம்மா," தலைவர் கோ கிசுகிசுத்தார். "என்ன சொல்லுது? மன்றத்தைப் பத்தி ஏதாவது… நான் இங்க இருக்கேன்னு…"

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க தலைவரே. இது எங்க வீட்டு விஷயம்."

தலைவர் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு பெரியது வந்துவிட்டு, தான் இருக்கும் பக்கமே திரும்பாமல் இருப்பதை அவர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. யென் அம்மாவோ மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஆட்சேபம் எதுவும் வராததால், கைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாவ்சூ நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள். "அங்க குளிருமா? ராத்திரி போர்வையை உதைச்சுத் தள்ளிடுவான். எடுத்துப் போத்தறதுக்கு உனக்குத்தான் இத்தனை கை இருக்கே."